உச்சிப் பொழுதில் ஊதிய விசில்

எனக்குக் கோபம் வந்துவிட்டால் யார் சொல்வதும் காதில் ஏறாது என்று அம்மா சொல்வாள். அந்த ஐப்பசியில் எனக்கு ஒரு காட்டுப்பூனை மேல் கோபம்.

பேரையூருக்கு அப்பால், தார்ரோட்டை விட்டு வெகுதூரம் உள்ளே, ஒரு மானாவாரி நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து நாட்டுக்கோழி வளர்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் மருந்துக் கம்பெனி ரெப். கழுத்தில் டையும் கையில் பையுமாக டாக்டர் வீட்டு வாசல்களில் காத்துக்கிடந்து அலுத்துப்போய் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன். மதுரை கே.கே. நகர் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா என் கதையைத்தான் எடுப்பார். "தொரைக்கு டை கட்டக் கூச்சமா இருக்காம். கோழிப்பீ அள்ளக் கூச்சமா இல்லையாம்" என்பார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன் என்று தெரிந்தே சொல்வார். ஆகவே அந்தப் பண்ணை படுத்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் அப்போது என் மண்டைக்குள் இருந்தது.

இந்த நேரத்தில்தான் பூனை வந்தது. வீட்டுப் பூனையைப் போல இரண்டு பங்கு இருக்கும். கம்பிவலைக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். பசிக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஒன்றைத் தூக்கிக்கொண்டு, ஏழெட்டைக் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். விடிந்ததும் கொட்டகைக்குள் போனால் வயிறு எரியும்.

பண்ணையில் எனக்குத் துணையாக வேலை பார்த்த அண்ணன் உள்ளூர்க்காரர். தடம் பார்த்துவிட்டு வந்து, "ஓடைக்கரையில ஒரு வங்கு இருக்கு தம்பி. அதுக்குள்ளதான் போவுது" என்றார். வங்கு என்றால் கரையைக் குடைந்த பொந்து. சொல்லிவிட்டு, கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். "காலையில போங்க, பொழுது சாய முன்னாடி போங்க. உச்சியில மட்டும் ஓடைக்குள்ள இறங்கிராதீங்க. முனி நடமாடுற நேரம். ஊருல ஒரு ஈ காக்கா இறங்காது."

ஈ காக்கா இறங்காது என்பது மட்டும்தான் என் மனதில் நின்றது. காட்டு மிருகத்துக்குப் பொறி வைப்பது கேஸாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். காட்டிலாகா ஜீப் அந்தப் பக்கம் அடிக்கடி வரும். யாராவது பார்த்து, டீக்கடையில் வாய்விட்டு, அது ஜீப் வரைக்கும் போனால் என் பிழைப்பு நாறிவிடும். எனவே உச்சி நேரம்தான் சரி என்று முடிவு செய்தேன். அண்ணன் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகும் நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். அவருக்கும் சொல்லவில்லை.

பொறி மதுரையில் செய்தது. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தான். அவனுக்குத் தெரிந்த பட்டறையில், பழைய ஜீப்பின் வில்பட்டையை அறுத்துச் செய்து கொடுத்தார்கள். நடுவே பல் இல்லாத இரண்டு இரும்புத் தாடை. இரண்டு பக்கமும் மடங்கிய பட்டை வில். இரண்டு வில்லையும் ஒரே நேரத்தில் அமுக்கிப் பிடித்தால்தான் தாடை விரியும். நடுத் தகட்டை எதுவாவது மிதித்தால் டப்பென்று மூடிக்கொள்ளும். பட்டறைக்காரர் ஒரு மூங்கில் கழியை நீட்டிக் காட்டினார். கழி நசுங்கிவிட்டது.

அதைப் பார்த்ததும் கண்டக்டர் நண்பனுக்கு முகம் மாறிவிட்டது. "மாப்ள, இது பூனைக்கா, இல்ல உனக்கா?" என்றான். பிறகு அவனே ஹார்டுவேர் கடைக்குக் கூட்டிப்போய்த் தச்சர்கள் பலகையைப் பிடித்து வைக்கிற திருகுக் கிளாம்ப் இரண்டு வாங்கிக் கொடுத்தான். வில்லை அமுக்கி இதைத் திருகி வைத்துவிட்டால் தாடை மூடாது. கை மாட்டினாலும் இதை வைத்தே கழற்றிவிடலாம்.

"தனியாப் போறவனுக்கு ரெண்டு வேணும்டா. ஒண்ணு, மாட்டுனா கழட்டுற ஜாமான். அது கைக்கு எட்டுற தூரத்துலயே இருக்கணும். ரெண்டு, கழட்ட முடியலைன்னா ஆளக் கூப்பிட ஒரு சத்தம்." இப்படிச் சொல்லித் தன்னுடைய பழைய விசிலைக் கயிறோடு என் கழுத்தில் மாட்டிவிட்டான். "மதுரையில விசில் சத்தத்துக்குத் திரும்பாத ஆளு உண்டா? செத்த பிணம்கூடப் படிக்கட்டுல இருந்து உள்ள ஏறிரும்."

அவன் சொன்னதில் எதுவும் தப்பில்லை. மதுரைக்கு அது சரி.

அன்றைக்கு வெயில் இருந்தது, ஆனால் காற்று இல்லை. சீமைக்கருவேலத்தில் ஓர் இலை அசையவில்லை. மேற்கே மலை மேல் மட்டும் மேகம் கூடி மையிருட்டாக நின்றது. மலை மேல் மழை என்றால் எனக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன். ஓடை காய்ந்து, மணலும் கூழாங்கல்லுமாகக் கிடந்தது. கரை செங்குத்தாக என் உயரத்துக்கு மேல். வங்கு இடுப்பு உயரத்தில் இருந்தது. வாயில் கோழி இறகு ஒட்டியிருந்தது. என் கோழிதான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வங்குக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், கரைச் சுவரில் முளைக்கம்பியை அடித்தேன். அங்கே மண் இல்லை, சுக்கான். சிமெண்டு மாதிரி இறுகிப்போன சுண்ணாம்புக்கல். சுத்தியலால் அடி அடியென்று அடித்துத்தான் இறங்கியது. பூனை பொறியை இழுத்துக்கொண்டு ஓடக் கூடாது என்று பொறியின் சங்கிலியையும் முளையில் சுற்றிச் சுற்றி ஒரு சாணுக்குக் குறைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். கிளாம்ப் போட்டு, தாடையை விரித்து, கொக்கியில் மாட்டி, பொறியை வங்கின் வாய்க்குள் தள்ளி வைத்து, கிளாம்புகளைக் கழற்றினேன். அந்த நேரத்தில் காலடியில் எறும்பு. இரைக்குக் கொண்டுவந்த கோழிக் குடல் பைக்குள் இருந்ததால் எறும்பு பையை மொய்த்துக்கொண்டிருந்தது. குடலை எடுத்து ஒரு கல்மேல் வைத்துவிட்டு, பையை உதறி, கிளாம்பு இரண்டையும் அதில் போட்டு, நாலு எட்டுத் தள்ளி இருந்த ஒரு கருவேலங்கிளையில் மாட்டினேன். அரிவாளும் தண்ணீர்ப் பாட்டிலும் அதே பையில்.

திரும்பி வந்து, இடது கையில் மண் அள்ளி, பொறியின் மேல் பூவாகத் தூவினேன். அப்போது வங்குக்குள்ளிருந்து மூச்சு விடும் சத்தம் கேட்டது. சீறல்கூட இல்லை. வெறும் மூச்சு. பூனை வெளியே போயிருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கை ஒரு நொடி தடுமாறித் தகட்டில் பட்டது.

வலி உடனே வரவில்லை. சத்தம்தான் முதலில். அப்புறம் கையைப் பார்த்தேன். நாலு விரலும் நடுக்கணுவுக்கு மேலே தாடைக்குள் இருந்தன. அதற்குப் பிறகு வந்த வலியில் நான் போட்ட சத்தம் எனக்கே யாரோ மாதிரி கேட்டது.

முதலில் இழுத்தேன். அது முட்டாள்தனம். இழுக்க இழுக்கத் தாடை இறுகியது. வலது கையால் ஒரு வில்லை அமுக்கினேன். ஒரு கையால் ஒரு வில்லைத்தான் அமுக்க முடியும். மற்றது தாடையைப் பிடித்துக்கொண்டே இருந்தது. பொறியைத் தரைக்கு இறக்கினால் இரண்டு காலாலும் இரண்டு வில்லில் ஏறி நின்றுவிடலாம். சங்கிலிதான் ஒரு சாண் ஆயிற்றே. இடுப்பு உயரத்துக்குக் கீழே இறங்க மறுத்தது. முளையை ஆட்டிப் பார்த்தேன். அது கல்லுக்குள் இருந்தது. காலை நீட்டிப் பையை எட்டிப் பார்த்தேன். செருப்பு நுனிக்கும் பைக்கும் இடையில் இன்னும் ஓர் ஆள் படுக்கலாம்.

சரி, விசில் இருக்கிறதே என்று நினைத்தபோது நிஜமாகவே நிம்மதி வந்தது. வாயில் வைத்து, மூச்சு முட்ட ஊதினேன். அந்த அமைதியில் அது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று எனக்கே தெரிந்தது. எங்கோ ஆட்டு மணிச் சத்தம் கேட்டது. எதிர்க்கரை மேட்டில் வெள்ளாடுகள் ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. பின்னாலேயே தொரட்டிக் கம்போடு ஒரு பெண்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடி ஊதினேன். அவள் நின்றாள். நான் கருவேல மறைவில் கரையோடு ஒட்டி நின்றதால் அவளுக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கு அவள் நன்றாகத் தெரிந்தாள். "அக்கா, இங்க பாருங்க, ஓடைக்குள்ள" என்று கத்தினேன். தொண்டை வறண்டு போய்ப் பாதிதான் வந்தது. அவள் சேலைத் தலைப்பை இழுத்து இரண்டு காதையும் மூடிக்கொண்டாள். சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பாமலே, ஆடுகளை அடித்து விரட்டிக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டாள். ஓடவில்லை. ஓடினால் துரத்தும் என்று பயப்படுகிறவர்கள் நடக்கிற நடை அது.

அப்போதும் எனக்குப் புரியவில்லை, பாருங்கள். செவிட்டு முண்டம் என்று திட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து மேட்டுப்பாதையில் சைக்கிளில் இரண்டு பேர் போனார்கள். தலை மட்டும்தான் தெரிந்தது. விடாமல் ஊதினேன். பேசிக்கொண்டு போனவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பெடலை வேகமாக மிதித்தார்கள். இருவரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இரண்டு பிடரியையும் பார்த்த பிறகுதான் பண்ணை அண்ணன் சொன்னது முழுதாக நினைவுக்கு வந்தது. ஈ காக்கா இறங்காத ஓடைக்குள்ளிருந்து, உச்சி நேரத்தில், கண்ணுக்குத் தெரியாத எதுவோ விசில் ஊதிக் கூப்பிடுகிறது. யார் வருவார்கள்? நான் ஊத ஊதத்தான் ஆட்கள் என்னை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

இனி பொழுது சாய்கிற வரை ஒருவரும் வரமாட்டார்கள். பொழுது சாய்ந்தாலும் என்னைத் தேடுவதற்கு ஆள் இல்லை. நான் இங்கே இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். விரல் நுனிகள் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. நெற்றியைச் சுக்கான் கல்லில் முட்டுக்கொடுத்து நின்றேன். பயமாக இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அம்மா என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

வெயில் மங்கிவிட்டது. மலையைக் காணோம். அது இருந்த இடம் முழுக்கக் கறுப்பு. என் தலைக்கு மேல் ஒரு சொட்டு இல்லை.

அப்போது வங்குக்குள் மண் சரிந்தது. உள்ளே இருந்தது நகர்ந்து வருகிறது. என் விரல்கள் அதன் வாசலில் இருந்தன. முதலில் இரண்டு கண், அப்புறம் முகம். வாயில் ஒரு குட்டியைக் கவ்வியிருந்தது. என்னைப் பார்த்தது. ஓர் அடி தூரம்கூட இல்லை. பிறகு என் கையையும் பொறியையும் தாண்டி, தோளை உரசிக்கொண்டு குதித்து, கரைமேல் ஏறிப் போனது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. மறுபடி என்னை உரசிக்கொண்டு உள்ளே போய், இன்னொரு குட்டியைக் கவ்விக்கொண்டு ஏறிப் போனது. பட்டப்பகலில், மனுசன் நிற்கும்போது, குட்டியை ஏன் மாற்றுகிறது?

காலடியில் மணல் நிறம் மாறியிருந்தது. குனிந்து தொட்டேன். ஈரம்.

அந்த ஊரில் மழை பெய்ய வேண்டியதில்லை. மலையில் பெய்தால் போதும், ஓடையில் தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்கு வரும். இதை எனக்கு எத்தனையோ பேர் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் வந்தால் நான் இந்தச் சங்கிலியில் தொங்கியபடி மூழ்க வேண்டியதுதான். அரிவாள் கையில் இருந்திருந்தால் விரல்களை வெட்டியிருப்பேனா என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். வெட்டியிருப்பேன்.

என்னிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். சட்டை, கைலி, தோளில் ஒரு துண்டு, கழுத்தில் ஒன்றுக்கும் உதவாத விசில். கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கருவேலம் வேர்கள். அவற்றை ஒடிக்கலாம். ஒடித்து என்ன செய்ய என்று யோசித்தபோது, பண்ணைக்குத் தீவன மூட்டை கொண்டுவரும் லாரி ஞாபகம் வந்தது. லோடு கட்டும்போது கயிறு எத்தனை இழுத்தாலும் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கும். கிளீனர் கயிற்றுக்குள் ஒரு கம்பைச் செருகி முறுக்குவான். முறுக்க முறுக்கக் கயிறு இறுகி மூட்டையே அமுங்கும்.

துண்டைப் பல்லால் கடித்து நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தேன். ஒரு பாதியை ஒரு வில்லின் மேல் பட்டையையும் கீழ்ப் பட்டையையும் சேர்த்துச் சுற்றினேன். ஒற்றைக் கையாலும் பல்லாலும் முடிச்சுப் போடுவது எவ்வளவு சிரமம் என்று போட்டவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு தடவை அவிழ்ந்தது. மூன்றாவதில் நின்றது. ஒரு வேரை ஒடித்து முடிச்சுக்குள் செருகி முறுக்கினேன். வேர் முறிந்தது. கெட்ட வார்த்தைகள் எனக்கு எவ்வளவு தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. இன்னும் தடிமனான வேரை, உடம்பின் மொத்தக் கனத்தையும் போட்டு ஒடித்தேன். கணுக்காலில் தண்ணீர் ஜில்லென்று ஓடியது.

முறுக்கினேன். துணி நெறுநெறுவென்றது. வில் மயிரிழை மயிரிழையாக அமுங்கியது. பட்டை இரண்டும் ஒட்டியதும், கம்பு திரும்பிச் சுழலாமல் சங்கிலிக் கண்ணிக்குள் அதன் நுனியைச் சொருகினேன். ஒரு வில் செத்தது. மிச்சம் ஒன்று. அதற்கு வலது கை இருக்கிறதே என்று அமுக்கினேன். கையில் தெம்பு இல்லை, பாதியில் நழுவியது. அதற்கும் துண்டைத்தான் சுற்ற வேண்டியிருந்தது. தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது. செத்தையும் கருவேல முள்ளும் வந்து காலில் மோதின. மேற்கே, வளைவுக்கு அந்தப் பக்கம், லாரி வருவதைப் போல ஓர் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

தாடை ஒரு விரற்கடை விலகியது. அது போதும். தோல் போனாலும் போகட்டும் என்று உருவினேன். போனது.

கரையில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. ஏறி, குப்புற விழுந்து திரும்பிப் பார்க்கும்போது வங்கு இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு போயிற்று. கருவேலங்கிளையும் இல்லை, பையும் இல்லை. தூறல் அப்போதுதான் என் முதுகில் விழ ஆரம்பித்தது.

கையைச் சட்டையில் சுற்றிக்கொண்டு ஊர் டீக்கடைக்கு நடந்துவந்து சேர்ந்தேன். பேரையூர் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் வர வேண்டும். கடைக்காரர் பெஞ்சில் உட்காரவைத்து, காய்ந்த துணியால் கையைக் கட்டி, டீயை வாயருகே பிடித்துக் குடிக்கக் கொடுத்தார். தூறலுக்கு ஒதுங்கி நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களுக்குள் தொரட்டிக் கம்போடு அந்தப் பெண்ணும் இருந்தாள். ஆடுகள் கடைத் தாழ்வாரத்தில் ஒண்டியிருந்தன.

அவள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு உச்சியில ஓடையில முனி ஊதினாரு. எம்புட்டு நேரம்ங்கிறீக. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டுத்தான் வந்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் டீயைத் தட்டிவிட்டேன். "முனியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நாந்தான் ஊதினேன். உங்களத்தான் கூப்பிட்டேன். அக்கா அக்கான்னு கத்தினேன். ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா என் கை இப்படி ஆயிருக்காது" என்றேன். கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்பாள் அல்லது பதிலுக்குச் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப போன ஐப்பசியில ஊதுனது யாரு?" என்றாள்.

கடைக்காரர், "சும்மா இரு ஆத்தா" என்றார். அவள் இருக்கவில்லை. என்னைப் பார்த்தே சொன்னாள்.

"இதே ஓடைதான் தம்பி. இன்னும் மேக்க. வாயில வெரல வச்சுச் சீட்டி அடிக்கிற சத்தம். நடுநடுவுல கூப்பிடுற சத்தம். மறுநாளும் கேட்டுச்சு. ஊரே கேட்டுச்சு, யாரும் போகல. அன்னைக்குச் சாயங்காலம் மலையில மழை பேஞ்சு தண்ணி வந்துச்சு. தண்ணி வரவும் சத்தம் நின்னுபோச்சு. முனி மனசு குளுந்துட்டாருன்னு எல்லாரும் சேந்து பொங்கல் வச்சோம்."

தாழ்வாரத்தில் நின்ற ஒருவர் மெதுவாக, "கரி சுடுற மூட்டத்துல வேல பாத்தானே, வெளியூர்க்காரன். விறகு வெட்டப் போனவன் திரும்பலைன்னு சொன்னாங்களே, அது அப்பத்தான்" என்றார். சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்பது போல வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் பொண்டாட்டி தேடிக்கிட்டு வந்தா" என்றாள் அவள். "கைப்பிள்ளையோட. இந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருந்தா. பாத்தீகளா பாத்தீகளான்னு ஒவ்வொருத்தரா கேட்டா. ஒம் புருசன் எவளையாவது கூட்டிக்கிட்டு ஓடியிருப்பான், போயி ஒம் பொழப்பப் பாருன்னு நாந்தான் சொல்லி பஸ் ஏத்திவிட்டேன்."